பத்திரம் பத்திரம்

மே 28

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். இங்கே நான், அவள், பாப்பா மூவரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? காதுக்கு டாக்டர் தந்த மெஷினைப் போட்டுக்கொள்கிறாயா, இல்லை போன தடவை மாதிரி மேஜை டிராயரில் தூங்குகிறதா? போனில் பேசினால் உனக்குக் கேட்பதில்லை. கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டுகிறது. அதனால் வழக்கம்போலக் கடிதம்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் நம் ஆற்றில் பெருவெள்ளம் வரலாம் என்று இங்கே பேப்பரில் போட்டிருக்கிறார்கள். நம் வீடு கரையிலிருந்து நாலாவது. சுவர் நனைந்தால் காய்ந்துவிடும், கட்டில் நனைந்தால் காய்ந்துவிடும், பத்திரம் நனைந்தால் கூழ்தான். அப்பாவின் இரும்பு பீரோவில் இருப்பதையெல்லாம் ஒருநாள் உட்கார்ந்து எடுத்துப் பார். வீட்டுப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரம், வரி ரசீதுகள், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வீட்டு இன்சூரன்ஸ். எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்து நீ வைத்துக்கொள். அசலை ரிஜிஸ்டர் தபாலில் எனக்கு அனுப்பிவிடு. நான் இருப்பது நாலாவது மாடி, இங்கே எந்த ஆறும் ஏறி வராது. லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் இல்லை என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

கையெழுத்து கோணலாக இருக்கிறது. ரயிலில் மடியில் வைத்து எழுதுகிறேன்.

தள்ளிப்போடாதே அக்கா. மழைக்கு முன்னால் அனுப்பு.

உன் தம்பி


ஜூன் 9

என் வாலுவுக்கு,

அக்காவின் ஆசிகள். நீங்கள் மூவரும் சுகம் என்று படித்ததும் நிம்மதி. பாப்பா இப்போது எத்தனை உயரம்? என் முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. காது யார் பேச்சையும் கேட்பதில்லை. மெஷின் டிராயரில்தான் இருக்கிறது. அதைப் போட்டால் ஆஸ்பத்திரி சலவைக் கூடத்து டிரம் தலைக்குள்ளேயே சுற்றுகிற மாதிரி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்தேன். சாவி பாதி சுற்றி நின்றுவிட்டது, எண்ணெய் விட்டேன். எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். நீ கேட்ட அத்தனையும் இருக்கின்றன. மூன்று வரி ரசீதுகளின் ஓரத்தைப் பூச்சி தின்றிருக்கிறது, எண்களைத் தொடவில்லை. நல்ல பூச்சி. அப்பா உன் பெயருக்கு எழுதிவைத்த பத்திரம் அப்படியே இருக்கிறது. அதற்கு அடியில் உன் ஐந்தாம் வகுப்பு மார்க் அட்டை. கணக்கில் பதினேழு. கீழே அப்பாவின் கையெழுத்து. அதைப் போட்டது நான் என்பது இன்றுவரை அப்பாவுக்குத் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், பீரோவைத் தலைகீழாகப் புரட்டியும் என் பெயர் போட்ட காகிதம் ஒன்றுதான் அகப்பட்டது. தண்ணீர்க் குழாய் இணைப்புக்கு நான் கொடுத்த மனுவின் நகல். அதிலும் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருக்கிறார்கள்.

ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அசலை அனுப்புவது பற்றித் தபாலாபீசில் விசாரித்துவிட்டு எழுதுகிறேன்.

புதன்கிழமை ஓர் ஆள் வந்து டேப் பிடித்து வீட்டை அளந்தார். முன்னறை, பின்னறை, கிணற்றடி வரைக்கும். “எதுக்குங்க?” என்று கேட்டேன். ஏதோ சொன்னார். ஷூ பளபளவென்று இருந்தது. வெள்ளத்துக்காக முனிசிபாலிட்டி அனுப்பிய ஆளாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

ரயிலில் எழுதாதே, கண் கெட்டுப்போகும்.

அக்கா


ஜூலை 2

அக்காவுக்கு வணக்கம்.

இங்கே மூவரும் நலம். பாப்பா அவள் அம்மாவின் தோளுக்கு வந்துவிட்டாள். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஜெராக்ஸ் கிடைத்தது. மார்க் அட்டைக்கும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருக்கிறாயே, உனக்கு இரக்கமே இல்லையா? பாப்பா அதைச் சுவரில் ஒட்டி வைத்துவிட்டாள்.

ஆனால் நகல் போதாது அக்கா. ஆபத்து என்று வந்தால் அசல்தான் பேசும். ஜூலை கடைசிக்குள் என் கைக்கு வந்துவிட்டால் நல்லது. ரிஜிஸ்டர் தபாலுக்கு ஒன்றும் ஆகாது. உறை தடிமனாக இருக்கட்டும்.

இங்கே வேலை அதிகம், நிற்க நேரமில்லை. அதுதான் பதில் தாமதம்.

வாலு


ஜூலை 15

தம்பிக்கு,

நலம். உங்கள் நலமும் அப்படியே இருக்கட்டும்.

நான் கேட்டவற்றுக்கெல்லாம் பதில் எழுதியிருக்கிறாய். நான் எழுதியதில் ஒன்றுக்குப் பதில் இல்லை. பரவாயில்லை, வேலை அதிகம் என்று சொல்லியிருக்கிறாயே.

தபாலாபீசுக்குப் போனேன். பாலத்தில் பழுது பார்க்கிறார்களாம், தபால் வண்டி நான்கு நாளாக வரவில்லை. மூட்டைகள் வராந்தாவில் கிடக்கின்றன, மேலே ஒரு தார்ப்பாய்கூட இல்லை. “ரிஜிஸ்டர் தபால்னா தனியா வைப்பீங்களா?” என்று கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் ஒரு மூட்டையைக் காட்டி, “அது ரிஜிஸ்டர் மூட்டைம்மா” என்றார். அதன்மேல் ஒரு நாய் படுத்திருந்தது. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கவலைப்படாதே, வேறு ஏற்பாடு செய்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் போடுகிற ரப்பர் ஷீட்டில் கிழிந்தது ஒன்றைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கினேன். கிழிசலை வெட்டி எறிந்துவிட்டு, முதலில் ஒரு பழைய செய்தித்தாளை வைத்துச் சுற்றிப் பார்த்தேன். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் துணியை மடிக்கிற மடிப்பு, அதற்குமேல் இன்னொரு சுற்று, மடிப்பு முனையில் பிளாஸ்திரி. அலசும் தொட்டியில் போட்டு மேலே கல்லை வைத்தேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, “என்னம்மா, பேப்பரத் துவைக்கிறீங்களா?” என்றார். “துவைக்கல சார், தண்ணி போகுதான்னு பாக்குறேன்” என்றேன். ஷிஃப்ட் முடிந்து எடுத்துப் பிரித்தால் மொறுமொறுவென்று இருந்தது. காணாமற்போன கிளியைப் பற்றிய விளம்பரம், அதைக்கூடப் படிக்க முடிந்தது.

பத்திரங்களை அப்படியே கட்டிவிட்டேன். நான்கு சுற்று. வெள்ளத்துக்காக மட்டும்தான் நீ கேட்டாய் என்றால் அவை என்னிடமே இருக்கட்டும். தபால் மூட்டையைவிட என் கை நம்பகமானது. வேறு எதற்காவது வேண்டுமென்றால் ஒரு வரி எழுது. காரணம்கூடக் கேட்க மாட்டேன். மறுநாளே, நடந்தாவது போய், பாலத்துக்கு அந்தப் பக்கத்துத் தபாலாபீசில் சேர்த்துவிடுகிறேன்.

இந்தக் கடிதமும் ரயிலில் எழுதியதா? உன் எழுத்து முன்பெல்லாம் அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். இப்போது ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து நிற்கிறது.

அக்கா


ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

சுகம். உன் சுகமும் வேண்டும்.

வேறு எதற்கும் இல்லை அக்கா. வெள்ளத்துக்காகத்தான் கேட்டேன். உன்னிடமே இருக்கட்டும்.

மழை அதிகமானால் மேட்டுக்குப் போய்விடு. பத்திரம்.

வாலு


செப்டம்பர் 3

தம்பிக்கு,

நீங்கள் எல்லாரும் நலம்தானே? இங்கே பதினோராவது நாளாக மழை. உன் கடிதம் ஐந்தே வரி. இரண்டு தடவை படித்தேன், பத்து வரி ஆயிற்று.

கடைசிச் சொல்லாகப் ‘பத்திரம்’ என்று எழுதியிருக்கிறாய். என்னைப் பத்திரமாக இருக்கச் சொன்னாயா, பத்திரத்தைச் சொன்னாயா என்று தெரியவில்லை. இரண்டும் இருக்கின்றன.

ஆறு படித்துறையின் மேற்படியைத் தொட்டுவிட்டது. முதல் இரண்டு வீட்டுக்காரர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாவது வீட்டுக்கு இந்த வாரம். அதற்கு அடுத்து நான். நேற்று வேனில் மைக் வைத்து ஏதோ அறிவித்துக்கொண்டே போனார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர் வாசலில் நின்று கைகளை ஆட்டி, முதுகில் மூட்டை தூக்குகிற மாதிரி நடித்து, ஸ்கூல் பக்கம் விரலை நீட்டினார். நன்றாக நடித்தார். கைதட்டலாமா என்று தோன்றியது. பள்ளிக்கூடத்தில்தான் எல்லாரையும் தங்க வைக்கப்போகிறார்களாம்.

ஆஸ்பத்திரியில் துணிகளையெல்லாம் மாடிக்கு ஏற்றிவிட்டோம். கீழே டிரம் நிறுத்திக் கிடக்கிறது. முப்பத்தோரு வருஷமாகக் காதுக்குள் ஓடிய சத்தம் நின்றதும், நின்றது எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்தவள் தொட்டுக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லை. அது புதிது இல்லை. ஆனால் தெருவில் ஆட்கள் இருக்கும்போது தனியாக இருப்பது ஒன்று, தெருவே காலியான பிறகு தனியாக இருப்பது வேறு. சாயங்காலம் எதிர்வீட்டில் விளக்கு எரிகிறதா என்று ஜன்னலைத் திறந்து பார்க்கிறேன். அவரும் பார்ப்பார் போலிருக்கிறது. ஒருநாள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எட்டிப் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டு உடனே சாத்திவிட்டோம்.

பத்திரக் கட்டு வாசற்கதவுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. நான் எப்போது புறப்பட்டாலும் அதுதான் முதலில் கையில் வரும்.

அக்கா


செப்டம்பர் 16

அக்கா,

இந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரி விலாசத்துக்கு அனுப்புகிறேன். வீட்டு விலாசத்துக்கு அனுப்பினால் கிடைக்குமா என்று தெரியவில்லை. டிவியில் நம் தெருவைக் காட்டினார்கள். தெரு என்று அவர்கள் சொன்னதால்தான் எனக்குத் தெரிந்தது. தந்திக் கம்பங்களின் தலை மட்டும் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு மூன்று நாளாகப் போன் செய்கிறேன், மணி அடிக்கவே இல்லை.

நீ எங்கே இருக்கிறாய்? யாராவது இதைப் படித்தால், சலவைக் கூடத்தில் வேலை செய்கிற, காது கேட்காத அம்மா எங்கே என்று பார்த்து ஒரு வரி எழுதுங்கள். அவரைக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். கிட்டே போய்த் தொட்டுச் சொல்ல வேண்டும்.

தம்பி


செப்டம்பர் 21
பள்ளிக்கூட முகாம்

தம்பிக்கு,

உன் அக்கா நன்றாக இருக்கிறேன். கொஞ்சம் காய்ச்சல், கையில் ஒரு கட்டு, அவ்வளவுதான். அதனால் இங்கே இருக்கும் டீச்சரிடம் சொல்லி எழுதச் சொல்கிறேன். உன் கடிதத்தை ஆஸ்பத்திரி வார்டுபாய் கொண்டுவந்து தந்தார். பத்திரங்கள் எல்லாம் காய்ந்தபடியே இருக்கின்றன. ஒரு துளி ஈரம் இல்லை. நீ கவலைப்படாதே. பாப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஐயா,

இதுவரை உங்கள் அக்கா சொன்னதை எழுதினேன். இனி எழுதுவது அவருக்குத் தெரியாது. நான் இந்தப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. இப்போது வகுப்பறையில் கட்டில் போட்டுக் கணக்கெடுக்கிறேன்.

பதினோராம் தேதி காலை கரை உடைந்தது. உங்கள் தெருவில் கடைசியாகப் புறப்பட்டவர்கள் இரண்டு பேர், உங்கள் அக்காவும் ஒரு தையல்காரரும். தண்ணீர் மார்பளவு. பள்ளி வாசலிலிருந்து கயிறு கட்டி எல்லாரையும் பிடித்துவரச் சொல்லியிருந்தோம். நானும் கயிற்றின் இந்த முனையில் நின்றேன். உங்கள் அக்கா இரண்டு கைகளாலும் ஒரு சிவப்பு ரப்பர் மூட்டையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தார். “கயித்தப் பிடிங்கம்மா! கயித்தப் பிடிங்க!” என்று அத்தனை பேரும் கத்தினோம். அவர் பிடிக்கவில்லை. கேட்கவில்லை என்று நினைத்து நான் கையால் காட்டினேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், முடியாது என்று.

சிறிய மதகு ஒன்று இருக்கிறது, அங்கே கால் வழுக்கிவிட்டது. தலை மூழ்கிப்போனது. இரண்டு கைகளும் அந்த மூட்டையும் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. தையல்காரர்தான் முடியைப் பிடித்து இழுத்தார். மதகுக் கம்பி கிழித்து முழங்கையில் பதினான்கு தையல்.

மேலே வந்ததும் மாற்றுப் புடவை கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைக்க ஒரு துணி கேட்டார். துடைத்துவிட்டு, நடுங்கிக்கொண்டே அந்தக் கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளாகத் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் கையை நீட்டினார்.

முகாமில் பதிவு செய்ய அவருடைய காகிதங்களைக் கேட்டேன். சம்பளப் புத்தகம், பாங்க் பாஸ்புக் எல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டுப் பரணில் வைத்தாராம், பரணோடு போய்விட்டது. “இதுக்குள்ளயே சேத்துக் கட்டியிருக்கலாமேம்மா?” என்றேன். “நாலு சுத்துக்கு மேல மடிப்பு நிக்கலம்மா. என்னோடது போனா ஆஸ்பத்திரியில கேட்டு வாங்கிக்குவேன். இது போச்சுன்னா அவன் யார்கிட்ட போய்க் கேப்பான்?” என்றார்.

அப்படி என்ன சொத்து என்று கேட்டேன். வீடு என்றார். இனிமேலாவது தம்பியை வந்து இருக்கச் சொல்லுங்கள் என்று ஏதோ சமாதானமாகச் சொன்னேன். “இல்லம்மா, அவன் அத விக்கப்போறான். ஜூன்ல ஆள் வந்து அளந்துட்டுப் போச்சு. ‘வாங்குறவங்க அனுப்பினாங்க’ன்னு சொன்னாரு. டிரம் சத்தத்துல வேலை பாக்குறவ நான், உதட்டப் பாத்தே புரிஞ்சுக்குவேன். தம்பி வாயத் தெறந்து சொல்வான்னு பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றார்.

இதை எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் கயிற்றின் முனையில் நின்று பார்த்தவள் என்பதால் எழுதாமலிருக்க முடியவில்லை. மன்னிக்கவும்.

அறிவியல் ஆசிரியை


அக்டோபர் 14

அக்காவுக்கு,

காய்ச்சல் விட்டதா? கையில் தையல் பிரித்தார்களா? இந்தக் கடிதத்தை ஒன்பது தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். டீச்சர் எல்லாவற்றையும் எழுதிவிட்டார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

வீட்டை விற்கத்தான் பத்திரம் கேட்டேன். ஆள் அனுப்பியது என் ஏற்பாட்டில்தான். வெள்ளம் வரும் என்று பேப்பரில் வந்தது உண்மை. அதைப் பார்த்ததும், நல்ல காரணம் கிடைத்தது என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பெட்டிக்கு மேலே நின்று வேலை செய்துகொண்டிருந்தேன். கீழே யாரோ ஸ்விட்சைப் போட்டுவிட்டார்கள். வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய்விட்டன. ரயிலும் இல்லை, மடியும் இல்லை. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தேன். ‘வேலை அதிகம்’ என்று எழுதினேனே, வேலையே இல்லை. எட்டு மாதமாக வீட்டில்தான் இருக்கிறேன். பாப்பாவின் அம்மா ஒரு கடையில் இரண்டு ஷிஃப்ட் பார்க்கிறாள். வீட்டை விற்றால் இங்கே ஒரு சின்ன ஸ்பேர்பார்ட்ஸ் கடை போடலாம் என்று கணக்குப் போட்டேன்.

விற்றபிறகு உன்னை இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ள நினைத்திருந்தேன் என்று எட்டுத் தடவை எழுதினேன். எட்டையும் கிழித்தேன். உண்மை அது இல்லை அக்கா. நீ எங்கே போவாய் என்று நான் யோசிக்கவே இல்லை. யோசித்தால் விற்க முடியாது என்று தெரிந்து யோசிக்காமல் விட்டேன்.

‘காரணம்கூடக் கேட்க மாட்டேன்’ என்று நீ எழுதியபோது சொல்லியிருக்கலாம். ஒரு மாதம் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். அப்புறம் ஐந்து வரி எழுதினேன்.

நீ கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். அந்தக் காகிதத்தை விட்டுவிட்டு நீ கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும்.

தம்பி


அக்டோபர் 27

வாலுவுக்கு,

காய்ச்சல் விட்டுப் பத்து நாள் ஆயிற்று. தையல் பிரித்துவிட்டார்கள். நான் நலம். நீ நலமா என்று இனிமேல் கேட்டால் உண்மையைச் சொல்.

எனக்குக் கோபம். வீட்டுக்காக இல்லை. வீடு அப்பா உனக்குக் கொடுத்தது, விற்பது உன் இஷ்டம், அதில் எனக்கு ஒரு வார்த்தை இல்லை. அளக்க வந்த அன்று ராத்திரி அழுதேன், மறுநாள் வேலைக்குப் போய்விட்டேன். ஆனால் கையைப் போய் மறைத்தாயே. பிப்ரவரியிலிருந்து ஒரு கையோடு உட்கார்ந்திருக்கிறாய், நான் இங்கிருந்து கையெழுத்தைக் கிண்டல் செய்துகொண்டிருந்திருக்கிறேன். நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரியில். தினம் எத்தனை கட்டுத் துணி என் கையால் துவைக்கிறேன். என் தம்பியின் கட்டுத் துணியை யாரோ துவைத்திருக்கிறார்கள். அதுகூட எனக்குத் தெரியவில்லை.

வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். பின்சுவர் விழுந்துவிட்டது. முன்னறை நிற்கிறது, முழங்கால் உயரத்துக்குச் சேறு. தையல்காரரும் நானும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு ஒரு நாள் அவர் வீடு, ஒரு நாள் என் வீடு என்று அள்ளிக்கொண்டிருக்கிறோம். போன வாரம் அந்தப் பளபள ஷூ ஆள் வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை. ஷூவுக்கு நல்லது. கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், ஏற்றிக்கொண்டார், போய்விட்டார். அவர் திரும்பி வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் மண்ணுக்கு எப்போதும் ஆள் வரும். கொஞ்சம் பொறுத்தால் வேறு யாராவது வாங்குவார்கள். என்னை எங்கே வைப்பது என்று நீ குழம்ப வேண்டாம். ஆஸ்பத்திரி ஊழியர் குடியிருப்பில் ஓர் அறை கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை பெயரில் எழுத்து விடாமல் பார்த்து வாங்கினேன்.

கயிற்றைப் பற்றி எழுதியிருந்தாய். நான் என்ன செய்ய? பிடித்துக்கொள்ள அந்தக் கட்டு ஒன்றுதான் என் கையில் இருந்தது. அது உன்னுடையது என்பதால் பிடித்தேன். வேறு உன்னுடையது எதுவும் இங்கே இல்லை.

தபாலில் அனுப்ப மாட்டேன். பாலம் சரியானாலும், மூட்டைமேல் நாய் படுக்காவிட்டாலும் அனுப்ப மாட்டேன். முதன்முறையாக உன்னிடம் ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன். பத்திரம் வேண்டுமென்றால் நீயே நேரில் வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். நீ வந்து பதினோரு வருஷம் ஆகிறது.

அக்கா


நவம்பர் 9

அக்காவுக்கு,

இங்கே கையைத் தவிர எல்லாம் நலம். கையும் ஆறிவிட்டது. உண்மைதான் எழுதுகிறேன்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். இருபத்தொன்பதாம் தேதி மதியம் வருகிறேன். பாப்பாவும் வருகிறாள், மண்வெட்டி பிடிக்கத் தனக்கு இரண்டு கை இருக்கிறது என்கிறாள். விற்பதா, பின்சுவரை எழுப்புவதா என்று நீ, நான் இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்வோம். அதுவரை குடியிருப்புக்கு மாறாதே. பத்திரத்தை வாங்கிக்கொள்ள வரவில்லை.

பாலம் இல்லையென்று கேள்விப்பட்டேன். எந்த வழியாக வருவது? எங்கே இறங்குவது?

வாலு


நவம்பர் 17

தம்பிக்கும் பாப்பாவுக்கும்,

சுகம். உன் கடிதம் வந்தது. சூப்பர்வைசரிடம் மூன்று நாள் லீவு கேட்டேன். வெள்ளத்துக் காய்ச்சலை விட்டால், முப்பத்தோரு வருஷத்தில் சேர்ந்தாற்போல மூன்று நாள் கேட்டதில்லை. அவர் என் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

வழியைச் சொல்கிறேன், கவனமாகப் படி. உனக்குத் தெரிந்த வழி எதுவும் இப்போது இல்லை. ரயிலடியிலிருந்து பழைய பஸ் கிடையாது. வெளியே வந்ததும் இடது பக்கம் மினி பஸ் நிற்கும். தண்ணீர்த் தொட்டி நிறுத்தம் என்று கேட்டு ஏறு. ஆற்றைச் சுற்றிக்கொண்டு வரும், ஒன்றேகால் மணி நேரம் ஆகும். பாப்பாவை வலது பக்க ஜன்னலில் உட்கார வை, இடது பக்கம் பார்க்க நன்றாக இருக்காது. தொட்டியடியில் இறங்கினால் பலகை போட்ட பாதை ஒன்று இருக்கிறது. மூன்றாவது பலகை ஆடும், அதில் கால் வைக்காதே. நீ தனியாக நடந்து வர வேண்டாம். மதியம் பன்னிரண்டிலிருந்து நான் நிறுத்தத்தில்தான் நிற்பேன்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நீ போனபோது என் முடி கறுப்பு. இப்போது ஒன்றுகூடக் கறுப்பு இல்லை, அத்தனையும் வெளுத்துவிட்டது. முன்னைவிட ஒரு சுற்று இளைத்திருக்கிறேன், ஒரு பக்கம் சாய்ந்து நிற்பேன். பழைய அக்காவைத் தேடிக்கொண்டே என்னைத் தாண்டிப் போய்விடாதே. தொட்டியடியில், வெள்ளத்தில் தப்பிய ஆஸ்பத்திரி நீல யூனிபாரத்தில் ஒரு கிழவி நின்றால், கிட்டே வந்து முகத்தைப் பார். அது நான்தான்.

அக்கா